தனியாள் ஆய்வின் வலிமையும் வரம்பும்: ஒரு மதிப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆற்றுப்படுத்தல் வகுப்பில் மாணவர் ஒருவர் தனியாள் ஆய்வொன்றை எழுதிக் கொணர்ந்தார். கணவரை இழந்த ஒரு பெண்மணியை, அடக்கம் நடந்த பத்தாம் நாள் அவர் இல்லத்தில் சந்தித்து, நிகழ்ந்த உரையாடலை வரிக்கு வரி பதிவு செய்திருந்தார். அப்பெண்மணி அழவில்லை, வீட்டு வேலைகளை வழக்கம்போல் செய்துகொண்டிருந்தார், கணவரைப் பற்றிக் கேட்ட வினாக்களுக்கு இரண்டொரு சொல்லில் விடை கூறினார். இவற்றைக் கொண்டு, துயரத்தின் முதல் நிலையாகப் பாடநூல்கள் கூறும் 'மறுப்பு' நிலையில் அவர் இருக்கிறார் என்று மாணவர் முடிவுரைத்தார். தெளிவாக எழுதப்பட்டிருந்த அவ்வறிக்கைக்கு நாம் உயர்ந்த மதிப்பெண் வழங்கினோம். அடுத்த ஆண்டு மாணவர்க்கும் அதனை முன்மாதிரியாகப் படித்துக் காட்டினோம்.

பின்னர் ஒரு ஞாயிறன்று அச்சபையில் அருளுரை ஆற்றச் சென்றபோது, அப்பெண்மணியையே காணும் வாய்ப்பு நேர்ந்தது. மாணவரின் சந்திப்பை நினைவுகூர்ந்த அவர் கூறிய செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்தது. கணவர் பதினொரு மாதம் படுக்கையில் கிடந்திருக்கிறார். மருத்துவர் கைவிரித்த நாள்முதல் இரவெல்லாம் அழுது தீர்த்துவிட்டிருக்கிறார் இவர். மாணவர் வந்த அன்று அவர் உள்ளத்தை அழுத்தியவை, மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனும் மூத்த மகளின் படிப்புமே. "அந்தத் தம்பி அதையெல்லாம் கேட்கவில்லையே, ஐயா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார்.

அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். மாணவர் கேட்ட வினாக்கள் யாவும் துயரத்தின் நிலைகளைத் தேடும் வினாக்களாகவே இருந்தன. நம் திருத்தக் குறிப்புகளும் அவ்வாறே இருந்தன. மாணவரின் பிழையைவிட அதனைப் பாராட்டிய ஆசிரியரின் பிழை பெரிது என்பதை உணர்ந்தோம். தனியாள் ஆய்வு என்னும் முறை நமக்கு எதனைத் தரவல்லது, எதனைத் தரமாட்டாது என்பதை உளவியல் வரலாற்றின் சில புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகளைக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இம்முறை நம்மிடம் வந்த வழி

ஒரு மனிதரையோ, ஒரு குடும்பத்தையோ, ஒரு சிறு குழுவையோ எடுத்துக்கொண்டு, நேர்காணல், நேரில் கவனித்தல், மருத்துவப் பதிவுகள், கடிதங்கள், உற்றாரின் கூற்றுகள் முதலியவற்றின் துணையால் நுணுகி ஆராயும் முறையே தனியாள் ஆய்வு. பல நூறு பேரிடம் ஒரே வினாவைக் கேட்டுச் சராசரி காணும் முறையிலிருந்து இது வேறுபட்டது. எல்லார்க்கும் பொதுவான விதிகளைத் தேடும் நோக்கு ஒன்று, ஒருவரது தனித்தன்மையை அறிய முயலும் நோக்கு மற்றொன்று என வேறுபடுத்திக் காட்டிய அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட், 1937இல் வெளிவந்த தம் நூலில் உளவியலுக்கு இரண்டும் வேண்டுமென வாதிட்டார்.

இறையியல் கல்விக்குள் இம்முறையைக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் ஆன்டன் பாய்சன் (1876-1965). அமெரிக்கப் போதகராகிய இவர் 1920இல் கடும் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நலம் பெற்ற பின்னர், நோயாளர் வரலாறுகளைக் கொண்டு மருத்துவம் கற்பித்துவந்த பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் கேபட்டிடம் பயின்றார். 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராக அமர்ந்து, 1925ஆம் ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கு வரவழைத்துப் பயிற்றுவித்தார். நூல்களைக் கற்பதுபோலவே, துன்புறும் மனிதரையும் உயிருள்ள ஆவணங்களாகக் கொண்டு கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆவணத்தைப் படிப்பவர் அதில் எழுதியிருப்பதையே படிக்கவேண்டும். தாம் விரும்புவதை அதில் எழுதிவிடலாகாது. மறைநூல் விளக்கத்தில் நாம் வலியுறுத்தும் இந்நெறி, மனிதரைப் படிப்பதற்கும் பொருந்தும்.

நம் மாணவர் பயன்படுத்திய துயர நிலைகளின் வரலாறும் இறையியல் மாணவரோடு தொடர்புடையதே. 1965இல் சிகாகோ நகரத்து இறையியல் மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகள் பற்றிய தம் ஆய்வுக்கு உதவி நாடி மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸை அணுகினர். அதன் விளைவாகத் தொடங்கிய நேர்காணல்களிலிருந்து 1969இல் ஒரு நூல் பிறந்தது. மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகளை அது உலகறியச் செய்தது. மரணத்தை எதிர்நோக்கி மருத்துவமனையில் கிடந்தோரின் சொற்களே அந்நூலின் அடிப்படை. உற்றாரை இழந்து உயிர்வாழ்வோர் அனைவரும் ஏறித் தீரவேண்டிய படிக்கட்டாகப் பின்னாளில் அது மாற்றப்பட்டது. ஓரிடத்தில் கேட்டறிந்ததை மற்றோர் இடத்திற்கு உரிய விதியாக்கும் இப்பழக்கத்தைக் கருத்திற்கொண்டு மேலே செல்வோம்.

2. வலிமை: ஒருவர் உலகிற்குக் கற்பித்தது

'ஒருவரை ஆராய்ந்து என்ன அறியமுடியும்?' என்று ஏளனமாகக் கேட்போருக்கு விடையாக நிற்பவர் ஹென்றி மொலைசன் (1926-2008). வாழ்நாள் முழுவதும் எச்.எம். என்னும் இரண்டு எழுத்துகளாலேயே ஆய்வுலகம் அவரை அறிந்திருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தவராகிய அவர் கடும் காக்காய்வலிப்பினால் துன்புற்றார். 1953இல், அவரது இருபத்தேழாம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர் அவர் மூளையின் இருபுறப் பொட்டுமடல்களின் உட்பகுதிகளை அகற்றினார். வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் இருத்தும் ஆற்றல் மறைந்தது.

1955இல் கனடாவின் மான்ட்ரியாலைச் சேர்ந்த உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் அவரைச் சோதித்தார். அறிவுத்திறன் ஈவு 112 என அமைந்தது; இது சராசரிக்கும் மேல். ஆயினும், அன்றைய தேதி 1953 மார்ச் என்றும் தம் வயது இருபத்தேழு என்றும் அவர் கூறினார். அறிவு குன்றாமலே நினைவு குன்றக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று. நினைவு மூளையின் புறணி முழுவதும் பரவிக்கிடப்பது, அதற்கெனத் தனியிடம் இல்லை என்னும் கருத்து அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரை அக்கருத்தை அசைத்தது.

அதனினும் வியப்பான செய்தி 1962இல் வெளிவந்தது. கண்ணாடியில் தெரியும் நிழலை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திர வடிவைச் சுற்றிக் கோடு வரையும் பயிற்சியை மில்னர் அவருக்கு மூன்று நாள் அளித்தார். ஒவ்வொரு நாளும் 'இதனை நான் முன்னர்ச் செய்ததேயில்லை' என்றே அவர் எண்ணினார். அவர் கையோ நாளுக்கு நாள் திருத்தமாக வரைந்தது. நிகழ்ச்சிகளை நினைவுகூரும் ஆற்றலும் கைத்திறன்களைக் கற்கும் ஆற்றலும் வேறுவேறு வழிகளில் இயங்குகின்றன என்பது ஒரு மனிதரிடமிருந்து தெரியவந்தது. எந்த ஆய்வுக்கூடமும் திட்டமிட்டு இத்தகைய சோதனையைச் செய்யலாகாது. மனித மூளையை வேண்டுமென்றே சிதைத்துப் பார்க்க எந்த அறமும் இடங்கொடாது. நேர்ந்துவிட்ட துன்பத்தினின்று கற்றுக்கொள்ள இம்முறை ஒன்றே வழி.

இவ்வாய்வின் வலிமைக்குக் காரணங்கள் மூன்று என நாம் காண்கிறோம். முதலாவது, எதிர்பாராத விடை வருவதற்கு அதில் இடம் இருந்தது. கையின் முன்னேற்றத்தை அளந்து காட்டியது பென்சிலின் கோடு. அதனை யாருடைய விருப்பமும் மாற்றியிருக்க இயலாது. இரண்டாவது, அவர் ஒருவரை மட்டும் நம்பி அறிஞர்கள் நிற்கவில்லை. 1957ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பத்து நோயாளரின் செய்திகள் இருந்தன. பின்னர்க் குரங்குகளிடம் நடந்த ஆய்வுகளும் இதனோடு ஒப்பிடப்பட்டன. மூன்றாவது, முன்னர்க் கூறியதைத் திருத்தும் மனம் இருந்தது. அகற்றிய பகுதி ஏறத்தாழ 8 செ.மீ. நீளம் என அறுவை மருத்துவர் மதிப்பிட்டிருந்தார். காந்த அதிர்வுப் படங்களின் துணையால் அது ஏறத்தாழ 5 செ.மீ. தான் என்பது 1997இல் வெளியிடப்பட்டது. அவர் இறந்த பின் மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவி ஆராய்ந்தோர், முன்மடலிலும் ஒரு சிறு சிதைவு இருந்ததை 2014இல் அறிவித்தனர்.

வலிமை மிக்க இவ்வாய்விலும் ஒரு வினா நம்மை உறுத்துகிறது. தாம் இசைந்ததையே மறந்துவிடும் ஒருவரிடம் ஐம்பது ஆண்டுகள் சோதனை நடத்தியது எவ்வாறு முறையாகும்? அவர் இன்முகத்தோடு ஒத்துழைத்தார் என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். அது உண்மையாகவே இருக்கட்டும், வினா தீர்ந்துவிடவில்லை. ஓர் அறிவுத்துறைக்கு அவர் தந்தது அளவிடற்கரியது. அவருக்கு அத்துறை தந்தது என்ன என்று கேட்பது நம் கடமை.

3. வரம்பு: ஒருவர் வாயிலாக மற்றவர் பேசுவது

ஆய்வுக்குரியவரின் கை தானே விடை வரைந்தது மில்னரின் சோதனையில். ஆய்வுக்குரியவரின் சொல் பிறர் வாயிலாக வரும்போது நேர்வது என்ன என்பதற்கு, சிக்மண்ட் ஃபிராய்டு 1909இல் வெளியிட்ட 'சிறுவன் ஹான்ஸ்' வரலாறு எடுத்துக்காட்டு. வியன்னா நகரத்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் குதிரைகளைக் கண்டு அஞ்சினான்; தெருவில் இறங்க மறுத்தான். சிறுவன் உள்ளத்தில் தந்தைமீதிருந்த அச்சமே குதிரைமீது ஏற்றப்பட்டது என ஃபிராய்டு விளக்கினார். குழந்தைப் பருவம் பற்றிய தம் கோட்பாட்டிற்கு இவ்வரலாறு சான்றளிக்கிறது என்றார்.

சிறுவனை ஃபிராய்டு இந்நோய் குறித்துச் சந்தித்தது ஒரே ஒரு முறை. செய்திகள் அனைத்தையும் எழுதியனுப்பியவர் சிறுவனின் தந்தை, இசைத் திறனாய்வாளர் மாக்ஸ் கிராஃப். அவர் ஃபிராய்டின் கருத்துகளை ஏற்று அவரது குழுவில் அமர்ந்தவர். தாயோ முன்னர் ஃபிராய்டிடம் சிகிச்சை பெற்றவர். வினவியவர், பதிந்தவர், விளக்கியவர் ஆகிய எல்லாரும் ஒரே கருத்தினர் என்பது இதனால் விளங்கும். பெரிய வண்டிக் குதிரை ஒன்று தெருவில் விழுந்ததைக் கண்டபோதே தன் அச்சம் தொடங்கிற்று எனச் சிறுவன் தானே கூறினான். அவன் சொல் ஏட்டில் பதிந்தது. விளக்கத்திலோ அதற்குச் சிறிய இடமே கிடைத்தது.

ஜோசஃப் வோல்ப்பே, ஸ்டான்லி ராக்மன் என்னும் இருவர் 1960இல் இவ்வரலாற்றைக் கடுமையாகத் திறனாய்ந்தனர். தந்தை கேட்ட வினாக்கள் விடையைத் தாமே சுமந்து சென்றன, சிறுவன் 'ஆம்' என்றால் சான்றாகவும் 'இல்லை' என்றால் மறைத்தலாகவும் கொள்ளப்பட்டது என்று காட்டினர். குதிரை விழுந்த அதிர்ச்சியே அச்சத்தை விளக்கப் போதுமானது என்பது அவர்கள் கருத்து. இதிலும் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அவர்கள் கூறும் விளக்கம் எளியது. ஆனால் அதே ஒற்றை வரலாறு அதனையும் மெய்ப்பித்துவிடவில்லை. இரு கோட்பாடுகளுக்கும் இடந்தரும் ஒரு வரலாறு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள நமக்கு உதவாது.

ஆயினும் ஃபிராய்டுக்கு உரிய பெருமையை நாம் மறுத்தல் தகாது. சிறுவன் தானாகச் சொல்லமுடியாத பலவற்றை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது என்பதை அவரே தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டார். தந்தையின் வினாக்களையும் அப்படியே அச்சிட்டார். அரை நூற்றாண்டிற்குப் பின் வந்தோர் அவரை மறுப்பதற்குத் தேவையான சான்றுகள் அவர் எழுத்திலேயே கிடைத்தன. விளக்கம் பிழைபட்டாலும் பதிவு நேர்மையாயின் அது வருங்காலத்திற்குப் பயன்படும். நம் மாணவரின் அறிக்கையும் அவ்வகையில் பயன்பட்டது: வினாக்களை மறைக்காமல் எழுதியிருந்தமையால்தான் அவர் கேளாதது எது என்பதை நாம் பின்னர்க் கண்டறிந்தோம்.

4. சொல்லச் சொல்ல வளரும் கதை

அருளுரையாளராகிய நாம் தனியே கவனிக்கவேண்டிய மற்றொரு வரம்பு உண்டு. 1848 செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைப் பணியின்போது, மேற்பார்வையாளர் ஃபினியஸ் கேஜ் என்பவரின் இடக்கன்னத்தில் புகுந்த இரும்புக்கோல் ஒன்று உச்சந்தலை வழியே வெளியேறியது. மூன்றரை அடிக்கும் மேல் நீளமான அக்கோல் பாய்ந்தும் அவர் பிழைத்தார். மருத்துவம் செய்த ஜான் ஹார்லோ, அவர் குணம் மாறிப்போயிற்று, நண்பர்களுக்கு அவர் பழைய கேஜாகத் தோன்றவில்லை என 1868இல் எழுதினார்.

குணமாற்றம் பற்றி ஹார்லோ எழுதியது மிகச் சில வரிகளே. பின்வந்த பாடநூல்களிலோ கேஜ் குடிகாரராகவும், ஊர்சுற்றியாகவும், எத்தொழிலிலும் நிலையாதவராகவும் வளர்ந்துகொண்டே சென்றார். மூலச் சான்றுகளை ஒன்றுவிடாமல் தேடித் தொகுத்த மால்கம் மக்மில்லன், அச்சித்திரத்தின் பெரும்பகுதிக்கு ஆதாரமே இல்லை என 2000இல் வெளியிட்ட நூலில் காட்டினார். விபத்திற்குப் பின் கேஜ் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார். பல குதிரைகளை அடக்கி, பயணிகளை ஏற்றி, நெடுவழி ஓட்டும் அத்தொழில், பொறுப்பற்றவர் ஒருவரால் ஏழு ஆண்டுகள் நடத்தக்கூடியதா? அவர் 1860இல் இறந்தபோது மூளை ஆராயப்படவும் இல்லை. ஒரு கோட்பாட்டை விளக்க வசதியான மனிதராக அவர் ஆக்கப்பட்டார். தம் வாழ்வை மீட்டெடுத்துக்கொண்ட மனிதர் மறக்கப்பட்டார்.

ஒரு வரலாற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் சிறிது கூட்டுகிறோம், சிறிது குறைக்கிறோம். கூட்டுவது கருத்திற்கு இசைந்தது, குறைப்பது இசையாதது. திருமேடையில் இது நடவாது என எவரேனும் உறுதி கூறமுடியுமோ?

5. கோட்பாடு மனிதரை நசுக்கும்போது

இதுவரை கூறியவை அறிவுப் பிழைகள். ஓர் உயிரையே வருத்திய எடுத்துக்காட்டை இனிக் காண்போம். கனடாவின் வினிபெக் நகரில் 1965இல் இரட்டையர் இருவர் பிறந்தனர். அவருள் ஒரு குழந்தை, சுன்னத்து அறுவையில் நேர்ந்த தவறினால் ஆணுறுப்பை இழந்தது. பால் உணர்வு வளர்ப்பினாலேயே பெரிதும் அமைவது எனக் கருதிய அமெரிக்க உளவியலறிஞர் ஜான் மணியின் அறிவுரைப்படி, 1967இல் அறுவை செய்யப்பட்டு, அக்குழந்தை பெண்ணாக வளர்க்கப்பட்டது. உடன்பிறந்த இரட்டையர் ஆணாக வளர்ந்தமையால், ஒப்பிட்டுப் பார்க்க இதனினும் சிறந்த வாய்ப்பு வேறில்லை என ஆய்வுலகம் எண்ணியது. 1972இல் வெளிவந்த நூலில் மணி இதனை வெற்றியாக அறிவித்தார். பாடநூல்கள் அதனை எடுத்தாண்டன.

அக்குழந்தையோ தொடக்கமுதலே அவ்வாழ்வில் நிறைவு காணவில்லை. பதினான்கு வயதளவில் உண்மையை அறிந்ததும் ஆணாக வாழ முடிவு செய்து, டேவிட் ரைமர் என்னும் பெயரைத் தாங்கினார். அறிவிக்கப்பட்ட 'வெற்றி'யின் மெய்ந்நிலையை மில்டன் டயமண்ட், கீத் சிக்மண்ட்சன் ஆகியோர் வெளியிட்டது 1997இல்தான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அவ்வரலாற்றை நம்பிக் கற்றோர் பலர். பிற குழந்தைகளைப் பற்றிய மருத்துவ முடிவுகளுக்கும் அது சான்றாகக் காட்டப்பட்டது. மற்றவர் இத்துன்பத்திற்கு ஆளாகக்கூடாதென்று தம் பெயரையும் வரலாற்றையும் ரைமரே வெளிப்படுத்தினார்; 2004இல், முப்பத்தெட்டாம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இவ்வரலாற்றைக் கண்டு, 'பால் உணர்வு முற்றிலும் பிறவியிலேயே அமைவது என்பது மெய்ப்பிக்கப்பட்டது' என முழங்கியோரும் உளர். இதே தவற்றை அவர்கள் மறுபுறத்திலிருந்து செய்கின்றனர். இத்தகைய விபத்துக்கே ஆளாகி, ஏழாம் மாதம் முதல் பெண்ணாக வளர்க்கப்பட்ட மற்றொருவர், இருபத்தாறு வயதிலும் பெண்ணாகவே வாழ்ந்துவந்ததை 1998இல் வேறொரு குழுவினர் வெளியிட்டனர். ஒரே வகை நிகழ்ச்சி இருவரிடம் இருவேறு விளைவு தந்தது. ரைமரின் வரலாறு ஒன்றை உறுதியாகக் காட்டுகிறது: எக்குழந்தையையும் விரும்பியபடி வளர்த்துவிடலாம் என்னும் கூற்று பொய். அதற்கு மேல் அது ஒரு விதியையும் நிலைநாட்டவில்லை.

6. மதிப்பிடும் அளவுகோல்

ஒருவரை ஆராய்ந்து பெற்ற முடிவு பலருக்குப் பொருந்தாது என்பதே தனியாள் ஆய்வின்மீது வழக்கமாகக் கூறப்படும் குறை. இது சரியான குறையே. எனினும் முழுமையான குறை அன்று. நினைவைப் பற்றி ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில் ஆளானவர் அவர் ஒருவரே. பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறக்கும் வேகத்தை அளந்தார். பிறர் அதே சோதனையைத் திரும்பச் செய்து, ஏறத்தாழ அதே வளைகோட்டைக் கண்டனர். எண்ணிக்கை ஒன்றாயிருந்தும் அவ்வாய்வு நின்றது. மற்றவர் சோதித்துப் பார்க்கும் வழியை அது திறந்து வைத்ததே காரணம்.

அதனினும் ஆழமான வினா இது: ஆய்வுக்குரியவர் தம்மைப் பற்றிய கோட்பாட்டை மறுத்துரைக்க ஆய்வில் இடமிருந்ததா? மொலைசனின் கை மறுத்தது, அறிஞர் செவிசாய்த்தனர். வண்டிக் குதிரை விழுந்தது என்றான் சிறுவன். கேட்டவர் அதனைக் கடந்து சென்றனர். ரைமரின் வாழ்வு முழுவதும் மறுப்பாயிருந்தது. நெடுங்காலம் அது வெளிவரவேயில்லை.

ஆகவே, ஒரு தனியாள் ஆய்வைப் படிக்கும்போதும் எழுதும்போதும் நான்கு வினாக்களைக் கேட்குமாறு மாணவரை வேண்டுகிறோம்.

ஒன்று: கண்டதும் கேட்டதும் ஒருபுறமும், அவற்றிற்கு நாம் தரும் விளக்கம் மறுபுறமுமாகப் பிரித்து எழுதப்பட்டுள்ளனவா?

இரண்டு: எழுதியவரின் கருத்திற்கு மாறான செய்தி ஒன்றேனும் அதில் உண்டா? இல்லையெனில் அவ்வறிக்கையை ஐயத்தோடு நோக்குதல் நன்று. மனித வாழ்வு எந்தக் கோட்பாட்டிற்கும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில்லை.

மூன்று: வேறு சாட்சி உண்டா? ஒருவன்மீது குற்றம் தீர்க்க ஒரே சாட்சி போதாது என உபாகமம் 19ஆம் அதிகாரம் விதிக்கிறது. உறவினர், மருத்துவர், பழைய பதிவு, மாதங்கள் கழிந்த பின் மறு சந்திப்பு ஆகியவை நமக்குக் கிடைக்கக்கூடிய சாட்சிகள்.

நான்கு: அறிக்கையின் முடிவு எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறது? 'இவ்வாறும் நிகழ்வதுண்டு' எனக் கூற ஒருவர் போதும். 'எப்போதும் இவ்வாறே' என்னும் கூற்றை உடைக்கவும் ஒருவர் போதும். 'பெரும்பாலும் இவ்வாறு நிகழும்' எனக் கூற ஒருவர் போதார். அதற்குப் பலரை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும்.

7. நம் பணியில்

இவ்வினாக்கள் வகுப்பறையோடு நின்றுவிடுவன அல்ல. சபைகளில் நாம் கேட்கும் சாட்சிகளும் ஒருவகையில் தனியாள் வரலாறுகளே. குடியை விட்டவர் மேடையேறிச் சாட்சி பகர்கிறார். நாம் மகிழ்கிறோம், மகிழ்வதும் தக்கதே. அவரோடு அதே கூட்டத்தில் மன்றாடி, மீண்டும் குடியில் விழுந்தவரை மேடைக்கு எவரும் அழைப்பதில்லை. மேடையில் கேட்டவற்றை மட்டும் கொண்டு குடிநோயாளரின் குடும்பத்திற்கு நாம் அறிவுரை கூறப் புகுந்தால், விழுந்தவரின் மனைவி, தன் கணவருக்கு மட்டும் ஏன் விடுதலை வரவில்லை என்னும் குற்றவுணர்வோடுதான் வீடு திரும்புவார். சாட்சி உண்மையாயிருந்தும் அதனின்று நாம் வருவிக்கும் விதி பொய்யாகக்கூடும்.

தனியாள் ஆய்வைக் கைவிட்டு, எண்ணிக்கைகளை மட்டும் நம்புவோமா எனின், அதுவும் பொருந்தாது. கணவரை இழந்த ஆயிரம் பேரின் சராசரியை நாம் அறிந்திருந்தாலும், நம்முன் அமர்ந்திருக்கும் பெண்மணிக்குக் கடன் எவ்வளவு என்பதை அச்சராசரி கூறாது. பொது விதி எங்கே கேட்கலாம் எனச் சுட்டும். விடையை அவரிடமிருந்தே பெறவேண்டும்.

இறுதியாக, நம்மிடம் உள்ளந்திறந்தவரின் வரலாறு நம் உடைமை அன்று. பெயரை மாற்றிவிட்டால் போதும் என எண்ணுகிறோம். சிறிய சபையில், கணவர் பதினொரு மாதம் படுத்திருந்து இறந்தார் என்றாலே யாரென்பது விளங்கிவிடும். இக்கட்டுரையில் அப்பெண்மணியின் செய்தியை எழுதுவதற்கும் அவரது இசைவைப் பெற்றே எழுதினோம். அவர் இசைவின்றி முன்னர் வகுப்பில் படித்துக் காட்டியது தவறு என்பதை அவரிடமே ஒப்புக்கொண்டோம். "மாணவர்களுக்குப் பயன்பட்டால் சரிதான், ஐயா. ஆனால் நான் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்" என்றார்.

யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து வாய்திறவாதிருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல ஆற்றுப்படுத்துநராகவே விளங்கினர். வாய்திறந்த பின், துன்புறுவோர் குற்றம் செய்தோரே என்னும் தம் கோட்பாட்டிற்குள் யோபை அடைக்க முயன்றனர். யோபு மறுத்தார், அம்மறுப்பையும் அவரது குற்றத்திற்கே சான்றாக்கினர். எந்தக் காலத்து உளவியலாளரும் போதகரும் இறையியல் மாணவரும் தவறக்கூடிய இடம் அதுவே.

மாணவரின் அறிக்கையை இன்றும் வகுப்பில் படித்துக் காட்டுகிறோம், அவரது ஒப்புதலோடும் அப்பெண்மணியின் ஒப்புதலோடும். அறிக்கை முடிந்ததும், அவர் பின்னர் நம்மிடம் கூறியவற்றை ஒரு தனித்தாளில் எழுதி இணைத்திருப்பதையும் படிக்கிறோம். அதன் பின்னரே மாணவரை வீடுகளுக்கு அனுப்புகிறோம்.